பத்தொன்பது

மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது. பதினைந்து நிமிடம். தலைப்பு ‘கனெக்ட்’, அவ்வளவுதான். வழக்கமாக அதற்குக் கீழே நாலு வரி வரும், எதைப் பற்றிப் பேச்சு, என்ன எடுத்து வரவேண்டும் என்று, அது இல்லை, வெறும் வெள்ளை. கூப்பிட்டிருப்பது மேனேஜர் பிரகதீஷ், கூடவே எச்.ஆரிலிருந்து சஞ்சனா என்று ஒரு பெயர். இப்போது மணி இரண்டு பத்தொன்பது. லேப்டாப்பின் மூலையில் அந்தப் பத்தொன்பதைப் பார்த்ததும் ஆக்னஸ் கண்ணை எடுத்துக்கொண்டாள். மூன்று வாரமாக அந்த எண் எங்கே கண்ணில் பட்டாலும் இப்படித்தான், பால் பாக்கெட்டின் தேதியில் பட்டாலும், பஸ்ஸின் நெற்றியில் பட்டாலும், ரோட்டில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வாள். வலது காலின் பெருவிரல் தொட்டில் சேலையின் ஓரத்தை மாட்டி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது, மேலே கொக்கியில் ஸ்பிரிங் கிரீச் என்றது, நின்றது, கிரீச் என்றது. உள்ளே லியா, ஏழு மாதம், சேலைக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும். மூன்று வரை தூங்கினால், இல்லை, மூன்றே கால் வரை தூங்கினால், மாதாவே, மூன்றே கால் வரை மட்டும். டச்பேடை விரலால் ஒரு தடவு தடவினாள். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். பிரகதீஷ் பெங்களூரில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையா பார்த்துக்கொண்டிருக்கப்போகிறார், பார்க்கமாட்டார், ஆனால் இன்றைக்குப் பார்த்தாலும் பார்ப்பார். வேலையே போகப்போகிறவள் முக்கால் மணி நேரம் பச்சையாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு குரல் கேட்டது, அது கேட்டு முடிப்பதற்குள் விரல் இன்னொரு தடவு தடவிவிட்டது.

காலையில் டீம் லீட் யோகநாதன் அண்ணாவுக்கும் ‘கனெக்ட்’தான். பதினோரு மணிக்கு. முந்தின நிமிடம்கூட அவளுக்கு மெசேஜ் போட்டார், “அம்முணி, என்னையக் கூப்புட்டிருக்கறாங்க. சம்பளம் ஏத்தறதுக்குத்தான் இருக்கோணும், புதுச் சட்டை எடுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கறேன்.” அவள் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினாள். பதினொன்று இருபதுக்கு அவருடைய புள்ளி சாம்பலாகிவிட்டது. பதினொன்று நாற்பதுக்கு வாட்ஸப் குரூப்பில், “வர்றேனுங்க எல்லாருத்துக்கும். போச்சாது, உடுங்க. நல்லா இருங்க,” ஒரு கும்பிடு, அடுத்த வரியில் யோகநாதன் வெளியேறினார் என்று போனே சொல்லிவிட்டது. பதினான்கு வருடம் இருந்த மனிதர். இருபத்துமூன்று பேர் உள்ள டீமில் எட்டுப் பேர் பதிலுக்குக் கும்பிட்டார்கள், ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை, அவளும் ‘அண்ணா’ என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்து, அதற்குள் அவருக்குக் கேட்காத குரூப்பாக அது ஆகிவிட்டிருந்தது. தனியாகப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. நாலு தெரு தள்ளி, கோவில்பாளையம் ரோட்டில்தான் வீடு. லீவில் போன அன்றைக்கு வாசல்வரை வந்து அவர் சொன்னதை நினைத்தாள், “நீ போயிப் புள்ளையப் பெத்து எடுத்துட்டு வா சாமி. உன்ற விடியக்காலப் போனையெல்லா நானு எடுத்துக்கறேன். எனக்கெப்படியும் தூக்கம் வர்றதில்ல.” அமெரிக்காக்காரனின் ஆஸ்பத்திரி பில்கள் ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் ஓடி, விடியற்காலம் நாலு மணிக்கு எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கும், உடனே போன் அடிக்கும், எழுந்து உட்கார்ந்து சரிபண்ணவேண்டும். ஆறு மாதம் அவளுடைய போன் அடிக்கவில்லை. அவருடையது இரண்டு பேருக்குமாக அடித்தது. அதனால்தானே அவருக்கு நாற்பத்தேழு வந்தது, கிளையன்ட் போட்ட மார்க்கில் ஐம்பதுக்கு நாற்பத்தேழு, இருபத்துமூன்று பேரில் அதுதான் உச்சம், அவள் கையாலேயே டைப் அடித்த எண் அது. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு போய் முட்டியது. நாற்பத்தேழு வாங்கியவரையே அனுப்பிவிட்டார்கள் என்றால் மார்க்குக்கு என்ன அர்த்தம், வயசானவர், சம்பளம் அதிகம், அதனால் இருக்கும், இப்போதெல்லாம் அப்படித்தான் என்று கணவன் ரெக்ஸ்கூடச் சொல்வான், சரி, அப்படியென்றால் நாற்பத்தேழுக்கே இந்தக் கதி என்றால் பத்தொன்பதுக்கு. கிரீச். நின்றது. கிரீச்.

பத்தொன்பது அவளுடையது. அரை வருடத்தில் ஏழு வாரம்தான் வேலை பார்த்தாள், அதிலும் ஒன்பதாம் மாதத்து வயிறோடு, கிளையன்ட்காரனுக்கு அவள் முகமே மறந்துபோயிருக்கும், போட்டான் பத்தொன்பது. லீவு முடிந்து வந்த முதல் வாரமே பிரகதீஷ் கூப்பிட்டார். அவர் இந்த டீமுக்கு வந்தே இரண்டு மாதம், யாரையும் நேரில் பார்த்ததில்லை. “ஆக்னஸ், ஒரு சின்ன ஹெல்ப். கிளையன்ட் மெயில்ல மார்க் எல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு. நம்ம டீம் லிஸ்ட்ல ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா போட்டு, பெருசுலேருந்து சிறுசா வரிசைப்படுத்தி அனுப்பிடுங்க. ஈசி வேலைதான், குழந்தைய வெச்சுக்கிட்டே செஞ்சிடலாம்.” வெச்சுக்கிட்டேதான் செய்தாள். இடது மார்பில் லியா, வலது கையில் ஒரு விரல். டீம் லிஸ்ட் ஏற்கெனவே ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது, ஏயில் தொடங்குகிற ஆக்னஸ் மேலே, ஒய்யில் தொடங்குகிற யோகநாதன் அடியில். தன் பெயருக்கு நேரே ஒன்று, ஒன்பது என்று அடித்தபோது காது மடல் சுட்டது. அதற்குப் பிறகு அந்த முதல் வரியை அவள் பார்க்கவே இல்லை, மற்ற இருபத்திரண்டையும் பார்க்காமலே அடித்த மாதிரி அடித்து, வரிசைப்படுத்தி, அனுப்பி, மூடி. தன் மார்க்கைத் தானே கொண்டுபோய் மேனேஜர் கையில் கொடுத்த ஒரே ஆள் இந்தக் கம்பெனியில் தானாகத்தான் இருக்கும். எழுத்து வரிசை என்றால் எப்போதும் அவள்தான் முதல். கான்வென்ட்டில் ரோல் நம்பர் ஒன்று. ஊசி போட வந்தால் முதல் கை அவளுடையது, சிஸ்டர் கேள்வி கேட்டால் முதல் நிற்கிறவள் அவள், ‘பிரசன்ட், சிஸ்டர்’ என்று வகுப்பின் குரலைத் திறந்துவைக்கிறவள் அவள். யோகநாதன் அண்ணா இதை வைத்தே ஓட்டுவார், ஆபீஸில் பிறந்தநாள் கேக் லிஸ்ட் போட்டுக் கொடுத்தபோது, “அம்முணி, நீ ஏ. எதுக்கெடுத்தாலும் நீதா மொத. நானு ஒய். எனக்கு வர்றப்ப கேக்கு தீந்து அட்டதா மிச்சம், அதையும் நக்கிப் பாத்துட்டுத்தான் தருவானுக.” நக்கிப் பாத்துட்டு என்று சொல்லும்போது அவர் புருவம் தனியாக ஏறி இறங்கும்.

இரண்டு முப்பத்துநாலு. ரெக்ஸிடமிருந்து மெசேஜ், உள்ளே போறேன், ப்ரே பண்ணு. சென்னையில் மூன்றாவது ரவுண்டு இன்டர்வியூ, விடியற்கால ரயிலில் போனான், அயர்ன் பண்ணின சட்டையைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு. ஏழு வருடம் வேலை பார்த்த இடத்தில் ஏழு நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள், அது ஆயிற்று நாலு மாதம். முதல் வாரம் முழுக்க அவன் சமையலறை டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டினான், து.பருப்பு, க.பருப்பு, ரவை, உப்புக்கும் ஒட்டினான், உப்பு என்று. இப்போது அவளும் வீட்டில் உட்கார்ந்தால் எதற்கு லேபிள் ஒட்டுவாள், எல்லா டப்பாவும் தீர்ந்துவிட்டது. இன்டர்வியூவில் அவளிடம் என்ன கேட்பார்கள் என்பது தெரியும், இந்த ஆறு மாத இடைவெளி ஏன் என்று கேட்பார்கள், குழந்தை என்பாள், ஓ, வாழ்த்துகள் என்பார்கள், அந்த வாழ்த்துகளோடு முடிந்துவிடும். டச்பேடைத் தடவினாள். வருடா வருடம் ஒரு சர்வே வரும், இந்த வேலையில் எனக்கு நிறைவு இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்துவரை. அவள் நாலு போடுவாள். ஐந்து போட்டால் பொய் மாதிரி இருக்கும், மூன்று போட்டால் ஏன் மூன்று என்று ஒரு மீட்டிங் போடுவார்கள். நிறைவு என்றால் என்ன என்று இப்போது யோசித்தாள், இந்த நேரத்தில்போய் யோசித்தாள். ஒரு விடியற்காலம், லியா வயிற்றில் மூன்று மாதம், நாற்பதாயிரம் பில்கள் நின்றுகிடந்தபோது யாரோ ஒரு நோயாளியின் பெயரில் இருந்த ஒற்றைக் கமாதான் காரணம் என்று கண்டுபிடித்தாள். அதை எடுத்ததும் எல்லாம் ஓடத் தொடங்கின, திரையில் எண்கள் மளமளவென்று ஏறின, ஜன்னலுக்கு வெளியே வெளுத்தது, அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அதற்கு ஐந்து போட்டிருக்கலாம். அது போய்விடக் கூடாது. பயம் இப்போது பல்லில் இருந்தது, கீழ்ப்பல்லும் மேல்பல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு.

தன் பத்தொன்பதை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு உள்ளே போவோம் என்று தோன்றியது. அவர்கள் அதைச் சொல்லும்போது முகம் விழுந்துவிடக் கூடாது. ஊசிக்கு முன்னால் ஊசியைப் பார்த்துக்கொள்கிற பழக்கம், ரோல் நம்பர் ஒன்றின் பழக்கம். ஷீட்டைத் திறந்தாள். முதல் வரி. ஆக்னஸ். நேரே நாற்பத்தேழு. கண்ணைக் கசக்கினாள். நாற்பத்தேழு. விரல் தானாகக் கீழே இறக்கியது, அடுத்த பெயருக்கு நாற்பத்தாறு, பரணி நாற்பத்தைந்து, எப்போதும் லாகின் மறந்துபோய் நிற்கிற பரணிக்கு எப்படி நாற்பத்தைந்து, தீபக், கார்த்திகா, பெயர்கள் ஏ, பி, டி, கே என்று இறங்கின, மார்க்கும் படிப்படியாக இறங்கியது, இரண்டும் ஒன்றாக இறங்குமா, எந்த ஊரில் இறங்கும், கடைசி வரி யோகநாதன், நேரே பத்தொன்பது. தொட்டில் நின்றுவிட்டிருந்தது. கால் நின்றது தெரியவில்லை. அன்றைக்கு மார்க் வரிசையைத் தேர்ந்தெடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு என்று சொன்னபோது ஒரு சின்னக் கட்டம் எழும்பிக் கேட்டது, பக்கத்தில் இருக்கிற பெயர்களையும் சேர்த்து நகர்த்தவா, இல்லை இதை மட்டுமா. எத்தனை ஆயிரம் தடவை பார்த்த கட்டம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் அவளே சொல்லிக்கொடுப்பது, கட்டத்தைப் படிக்காமல் அமுக்காதே. லியா மார்பை விட்டுத் திரும்பி உள்ளங்கையால் டச்பேடை அடித்தாள், கட்டம் போய்விட்டது. லியாவா. லியா அடித்தாளா, அல்லது அந்தப் பிஞ்சுக் கையைத் தள்ளிவிட்டு அவசரத்தில் இவளே அமுக்கினாளா. மார்க்குகள் மட்டும் எழுந்து வரிசையில் நின்றன, பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் முதல் வரியைப் பார்க்க வெட்கப்பட்டாள். ஒரு வினாடி பார்த்திருந்தால்.

முதலில் வந்தது வெட்கம் இல்லை. அதை அவள் பிறகும் மறக்கப்போவதில்லை. முதலில் உடம்பு தளர்ந்தது, பல் விட்டது, பால் சுரந்து நைட்டியின் முன்புறம் நனைந்தது, பசித்தது, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று தெரிந்தது. பிழைத்தேன். நாற்பத்தேழு இருக்கிறவளை யார் அனுப்புவார்கள், இது வேறு எதற்கோ கனெக்ட், யோகநாதன் அண்ணாவின் இடத்துக்கு, ஆமாம், வேறென்ன, அந்த நாற்காலி காலி. அந்த நாற்காலி என்று நினைத்ததும்தான் புதுச் சட்டை ஞாபகம் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே. நாற்பத்தாறு வயசு, பெரியவள் ப்ளஸ் டூ, ஆறு மாதம் இவளுக்காக எழுந்தவர், அவரைப் பதினொரு மணிக்கு உட்காரவைத்து, உங்கள் பெர்ஃபாமன்ஸ் பத்தொன்பது என்று சொல்லியிருப்பார்கள், அவர் என்ன சொல்லியிருப்பார், சண்டை போடத் தெரியாத மனிதர், போச்சாது என்றிருப்பார். அது அவளுடைய பத்தொன்பது. அவளுடைய பத்தொன்பதை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு அவள் சிரிக்கிற முகம் அனுப்பியிருக்கிறாள். இரண்டு நாற்பத்தொன்பது. யாருக்கும் தெரியாது. பிரகதீஷ் அந்த மெயிலை மறுபடி திறக்கப்போவதில்லை, மேலே யார், கீழே யார், அதுதான் அவருக்கு வேண்டும். சொன்னால் ஷீட்டைத் திருத்துவார்கள், திருத்தினால் கடைசி வரியில் யார் வருவாள். ரெக்ஸ் இந்த நிமிடம் உள்ளே உட்கார்ந்து தன் இடைவெளிக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் தேறிவிட்டால் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குள் கொரியர்காரன் வந்து அண்ணாவின் லேப்டாப்பை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விடுவான். எட்டாவதில் கணக்குப் பேப்பரில் சிஸ்டர் கூட்டல் தப்பாகப் போட்டுப் பத்து மார்க் அதிகம் வந்தது. இவள் எழுந்து போய்ச் சொன்னாள். சிஸ்டர் மார்க்கை வெட்டிவிட்டு, மாதா படம் ஒன்றைக் கொடுத்து, வகுப்பைக் கைதட்டச் சொன்னார், மூன்றாம் ரேங்க் ஒன்பதாம் ரேங்க் ஆயிற்று. அம்மா ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள், “ஏட்டி கோட்டிக்காரி, உன்னய யாருட்டி கேட்டா? போட்டவ போட்டா, வாங்கினவ வாங்கிட்டு வரவேண்டியதுதான?” அந்தக் கைதட்டலுக்காகத்தான் போனோமோ என்று அப்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இன்னும் இருக்கிறது. இன்றைக்கு யாரும் கைதட்டமாட்டார்கள். உன்னய யாருட்டி கேட்டா. யாரும் கேட்கவில்லை அம்மா. யாருமே கேட்கவில்லை.

மூன்று மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் மீட்டிங்குக்குள் போனாள். பிரகதீஷ் முகம் வந்தது, பின்னால் கடற்கரைப் படம், சஞ்சனா கேமராவைப் போடவில்லை, கறுப்புக் கட்டத்தில் ஓர் எழுத்து. “ஆக்னஸ், ஹலோ, ஏன் இவ்ளோ சீரியஸா இருக்கீங்க? நல்ல விஷயம்தாங்க. சஞ்சனா, நம்ம டாப் ஸ்கோரர் இவங்கதான். மெட்டர்னிட்டி லீவுல இருந்துட்டு வந்தும் நாப்பத்தேழு. அப்படின்னா கிளையன்ட்டுக்கு உங்க மேல எவ்ளோ நம்பிக்கை பாருங்க.” அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று தெரியவில்லை, கழுத்து ஆட்டியது. “யோகநாதன் விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க. கஷ்டம்தான், ஆனா நம்பர்ஸ் அப்படி. அவரோட லீட் ரோலை நீங்க எடுத்துக்கறீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டோம். இன்னிக்கே லெட்டர் போட்டுடலாம், ஈவினிங்குள்ள அவர் பேப்பரும் முடிஞ்சிடும். என்ன சொல்றீங்க?” தொட்டில் அசைந்தது. யாரும் ஆட்டாமலே அசைந்தது, குதிகால் உள்ளே இழுபட்டது, பிறகு அழுகை. “அச்சச்சோ, பேபியா? போய்ப் பாருங்க பாருங்க, நாங்க இருக்கோம்.” மைக்கை அணைத்துவிட்டு எழுந்தாள். சேலையை விலக்கினாள், வியர்த்துச் சூடாக, நெற்றியில் முடி ஒட்டிக்கிடக்க, அவளைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் நிறுத்திய முகம். ஓடிவிடலாம் என்று இருந்தது. இப்படியே தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, யாருக்கும் எதையும் சொல்லாமல், ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல். இப்படி நிற்கிற ஒவ்வொரு வினாடியும் ஆமாம்தான் என்பது அதற்கு அடுத்த வினாடி தெரிந்தது.

திரும்பி வந்து அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள், லியா இடது தொடையில், லேப்டாப் எதிரே. லியா உடனே கையை நீட்டினாள், ஐந்து விரலும் விரிந்து, டச்பேடை நோக்கி. ஆக்னஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், அது திமிறியது, விடவில்லை. மைக்கைப் போட்டாள். குரல் எட்டாம் வகுப்புக் குரலாக வந்தது.

“பிரகதீஷ், ஸ்க்ரீன் ஷேர் பண்றேன்.”

“இப்ப எதுக்குங்க ஸ்க்ரீன்? எஸ், நோ சொன்னா போதும்.”

“ஒரு நிமிஷம் பாருங்க. இடது பக்கம் கிளையன்ட் அனுப்பின மெயில். வலது பக்கம் நான் உங்களுக்கு அனுப்பின ஷீட். நான் வரிசைப்படுத்தினப்ப மார்க் மட்டும் நகர்ந்திருக்கு, பேர் நகரல. ஷீட்டுல நான் முதல்ல இருக்கறது எழுத்தால. மார்க்கால இல்ல.”

கடற்கரைக்கு முன்னால் இருந்த முகம் திரைக்குக் கிட்டத்தில் வந்தது. கறுப்புக் கட்டத்தில் கேமரா விழித்தது, கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், ஆக்னஸைவிட வயது குறைவு. பக்கத்தில் போன் ஒருமுறை அதிர்ந்தது, ரெக்ஸாக இருக்கலாம், அவள் அதைக் குப்புறத் திருப்பி வைத்தாள். பிரகதீஷின் கண்கள் இடமும் வலமுமாகப் போய்வந்தன.

“யோகநாதன் நாப்பத்தேழா?” என்றார் கடைசியில். “அப்ப இந்தப் பத்தொம்பது யாரோடது, ஆக்னஸ்?”

ரோல் நம்பர் ஒன்று எழுந்து நின்றது.

“என்னோடது,” என்றாள்.